சாதி உள்நாட்டு விவகாரம், பயங்கரவாதம் உலக விவகாரமா?

(வ. புதுப்பட்டியில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'பயங்கரவாத எதிர்ப்பில் உலக நாடுகளின் ஒத்துழைப்பு'. நோட்டீஸைப் பார்த்த ஒருவர், "இதெல்லாம் நியூயார்க்கில் கோட்டு போட்டவர்கள் பேச வேண்டியது, வத்திராயிருப்புப் பக்கம் இதைக் கேட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்றார். அவருக்குப் பதில் சொல்லியே தொடங்குகிறேன். நியூயார்க்கில் எழுதப்பட்ட ஒரு காகிதம் நம்முடைய சாலைக்கு வந்துசேர ஒன்பது மாதம்தான் ஆனது.

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் தகர்க்கப்பட்டன. அன்றைய தாக்குதல்களில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் செத்தார்கள். செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 1373ஆம் எண் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பயங்கரவாதத்துக்குப் பணம் தருவதைக் குற்றமாக்க வேண்டும், சொத்துகளை முடக்க வேண்டும், நாடுகள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும், என்ன செய்தீர்கள் என்று 90 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். உறுப்பு நாடுகள் எல்லாவற்றையும் கட்டாயப்படுத்தும் தீர்மானம் அது. ஒன்று மட்டும் அதில் இல்லை. பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரையறை! கந்துவட்டிக்காரன் வாங்கி வைத்துக்கொள்ளும் வெற்றுப் பத்திரம் மாதிரிதான். கையெழுத்து இருக்கும், தொகையைப் பிறகு அவன் எழுதிக்கொள்வான்.

வாஜ்பாய் அரசு ஒரு மாதம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் 24 அன்று அவசரச் சட்டம் வந்தது. மாநிலங்களவையில் மசோதா தோற்றதும் இரு அவைகளையும் கூட்டாகக் கூட்டி 2002 மார்ச் 26 அன்று பொடாவை நிறைவேற்றினார்கள். நாடாளுமன்ற வரலாற்றிலேயே அது மூன்றாவது கூட்டுக் கூட்டம்.

கிருஷ்ணன்கோவிலில் மதுரை பஸ் ஏறினால் டி.கல்லுப்பட்டி தாண்டித் திருமங்கலம் வருமில்லையா? அந்தத் திருமங்கலத்தில் 2002 ஜூன் 29 அன்று வைகோ விடுதலைப் புலிகளை ஆதரித்து ஒரு பொதுக்கூட்டத்தில் பேசினார். ஜூலை 11 அன்று அமெரிக்காவிலிருந்து திரும்பியவரைச் சென்னை விமான நிலையத்திலேயே பொடாவில் கைது செய்தது ஜெயலலிதா அரசு. அப்போது அவர் சிவகாசித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். 19 மாதம் உள்ளே இருந்தார். ஆகஸ்டில் பழ. நெடுமாறனும் சுப. வீரபாண்டியனும் அதே சட்டத்தில் கைதானார்கள். இவர்கள் யாரும் குண்டு வைக்கவில்லை. மேடையில் பேசினார்கள். வாயால் ஆதரித்துப் பேசுவது மட்டுமே குற்றமாகாது, பயங்கரவாதச் செயலை வளர்க்கும் நோக்கம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2003 டிசம்பர் ஆகிவிட்டது.

பொடாவைக் கொண்டுவந்த கூட்டணியில் வைகோவின் கட்சியும் இருந்தது. கிண்டலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்தச் சட்டங்களுக்குக் கை தூக்குகிறவர்கள் எல்லோருமே இது வேறு யார் மீதோ பாயப் போகிறது என்று நினைத்துத்தான் தூக்குகிறார்கள்.

இப்போது அதே 2001க்குத் திரும்புவோம். செப்டம்பர் 11க்குச் சில நாள் முன்பு நடந்த ஒன்று நம் பாடப் புத்தகங்களில் இல்லை. ஆகஸ்ட் 31 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு தொடங்கியது. இந்தியாவிலிருந்து தலித் இயக்கத் தோழர்கள் பெருந்திரளாகப் போயிருந்தார்கள். பிறப்பையும் தொழிலையும் வைத்து மனிதர்களை ஒதுக்குவதையும் உலகம் கண்டிக்க வேண்டும், மாநாட்டின் அறிக்கையில் அது இடம்பெற வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. இந்திய அரசு முழு பலத்தோடு எதிர்த்தது. சாதி இனமல்ல, அது எங்கள் உள்நாட்டு விவகாரம், அதற்கு எங்கள் அரசமைப்புச் சட்டம் இருக்கிறது என்றது. சாதி அந்த அறிக்கையில் நுழையவே இல்லை. செப்டம்பர் 8 அன்று மாநாடு முடிந்தது.

அங்கிருந்து 20 நாளில் 1373. உள்நாட்டில் ஒருவனைச் சாதியின் பெயரால் எரித்தால் அது உலகத்தின் வேலையில்லை. உள்நாட்டில் ஒருவன் என்ன பேசுகிறான், யாருக்குப் பணம் அனுப்புகிறான் என்பது மட்டும் உலகத்தின் வேலை! ஒரே மாதத்தில் இரண்டு நியாயம்.

இதற்குப் பிறகும் இந்த விளையாட்டு நிற்கவில்லை. 2002இல் ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு, வம்சாவளிப் பாகுபாடு என்பதில் சாதியும் அடங்கும் என்று தெளிவாக அறிவித்தது. 2006 டிசம்பரில் டெல்லியில் பிரதமர் மன்மோகன் சிங் தீண்டாமையைத் தென்னாப்பிரிக்க நிறவெறியோடு ஒப்பிட்டுப் பேசினார். இரண்டே மாதத்தில், 2007 பிப்ரவரியில், அந்தக் குழுவின் முன் ஜெனீவாவில் உட்கார்ந்த அவருடைய அரசின் பிரதிநிதிகள் சாதி இந்த ஒப்பந்தத்துக்குள் வராது என்றார்கள். டெல்லியில் ஒரு நாக்கு, ஜெனீவாவில் ஒரு நாக்கு.

சரி, பயங்கரவாதத்தின் காரணங்களைப் பற்றி உலக நாடுகள் பேசவே இல்லையா? பேசியிருக்கின்றன. 2006 செப்டம்பர் 8 அன்று ஐ.நா. பொதுச் சபை பயங்கரவாத எதிர்ப்புக்கான உலக உத்தி ஒன்றை ஏற்றது. அதற்கு நான்கு தூண்கள் என்கிறார்கள். முதல் தூணே பயங்கரவாதம் பரவ ஏதுவான சூழலைக் களைவது. தீர்க்கப்படாமல் இழுக்கும் மோதல்கள், இன, மதப் பாகுபாடு, அரசியலிலிருந்து ஒதுக்கப்படுதல், சமூகப் பொருளாதார விலக்கம் என்று காரணங்களை வரிசையாக எழுதியிருக்கிறார்கள். நம் தோழர்கள் யாராவது எழுதிக் கொடுத்தார்களோ என்று சந்தேகம் வரும். ஆனால் அது பொதுச் சபைத் தீர்மானம். யாரையும் கட்டாயப்படுத்தாது.

நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்று ஒன்று இருக்கிறது. பத்திரிகைகளில் எஃப்.ஏ.டி.எஃப். என்று வரும். அது சொன்ன விதிகளை நிறைவேற்றாத நாடு சாம்பல் பட்டியலுக்குப் போகும், வெளிநாட்டு வங்கிகள் தயங்கும், கடன் கிடைப்பது கடினமாகும். இந்தியா 2010இல் அதன் உறுப்பினரானது. 2012இல் ஊபா சட்டத்தைத் திருத்தியபோது அந்தக் குழுவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றத்தான் திருத்துகிறோம் என்று அரசே காரணம் சொன்னது. பாகுபாட்டைப் பற்றிக் கேட்கவும் குழு இருக்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்லாவிட்டால் எந்த வங்கியும் கதவைச் சாத்தாது. ஆக, அடைப்பது கட்டாயம், காரணத்தைக் களைவது அவரவர் விருப்பம். உலக ஒத்துழைப்பு என்று சொல்வதன் எலும்புக்கூடு இதுதான் தோழர்களே. இதன் விளைவை நாம் பக்கத்திலேயே பார்த்தோம்.

இலங்கையைச் சொல்கிறேன். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். எழுபதுகளில் பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல். தமிழர்கள் முதலில் என்ன செய்தார்கள்? உண்ணாவிரதம் இருந்தார்கள், ஒப்பந்தம் போட்டார்கள், 1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு வாக்குப் போட்டு 18 இடங்களில் ஜெயிக்க வைத்தார்கள். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியே அதுதான். தனிநாட்டுக் கோரிக்கையை வாக்குச்சீட்டில்தான் வைத்தார்கள். ஜெயவர்த்தனா அரசின் பதில் 1979 ஜூலையில் வந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று மாதம் மூன்று மாதமாக நீட்டி, விசாரணையே இல்லாமல் 18 மாதம்வரை அடைத்து வைக்கலாம். காவல் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியாகும். அதன் பெயரிலேயே 'தற்காலிக' என்ற சொல் உண்டு. மூன்றாண்டுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கினார்கள். பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுக்க மட்டும் யாரும் மெனக்கெடவில்லை.

அதே மாதம் பிரிகேடியர் வீரதுங்கவை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி, டிசம்பர் 31க்குள் பயங்கரவாதத்தைத் துடைத்தெறிந்துவிடு என்று ஜனாதிபதி கெடு வைத்தார். அன்றைக்கு ஆயுதம் தூக்கியிருந்தவர்கள் ஒரு சிறு கூட்டம். 1981இல் யாழ் நூலகத்தைக் கொளுத்தினார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். ஆகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாடு கேட்க மாட்டேன் என்று சத்தியம் செய்யாதவர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழர் பிரதிநிதிகள் பதவி இழந்தார்கள். வாக்குச்சீட்டின் கதவைச் சாத்திய பிறகு இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இயக்கங்களில் சேர்ந்தார்கள். கெடு வைத்து அழிக்கப் போனவர்கள்தான் அந்தப் படைகளுக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் மேடைகளில் இதை விழுங்கிவிடுகிறார்கள். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்த முஸ்லிம்களை, தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்து தமிழ் பேசியவர்களை, மொத்தமாக வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தில் அவகாசம் சில மணி நேரம்தான். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் கூட்டம் பார்க்க வந்தவர்களும் உண்டு. அந்தக் குடும்பங்கள் என்ன பாவம் செய்தன? காரணத்தை விளக்குவது வேறு, அதை வைத்து நியாயம் கற்பிப்பது வேறு. ஒடுக்கப்பட்டவர்களின் பெயரால் செய்தால் கொலை கொலையில்லை என்று ஆகாது.

உலக நாடுகளுக்கு வருவோம். 2002 பிப்ரவரியில் நார்வே முயற்சியில் போர்நிறுத்தம் வந்தது. நோர்டிக் நாடுகள் ஐந்திலிருந்து கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைப் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்தது. ஒன்றியத்தைச் சேர்ந்த நாட்டவர் கண்காணிக்கக் கூடாது என்று புலிகள் சொன்னார்கள். ஸ்வீடன், பின்லாந்து, டென்மார்க் மூன்றும் வெளியேறின. நார்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் மிஞ்சின. பட்டியல் நீண்டது, கண்காணிக்கும் கண்கள் குறைந்தன. 2009இல் முள்ளிவாய்க்கால். கடைசிக் கட்டத்தில் 40,000 பொதுமக்கள்வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011இல் சொன்னது. ஆனால் போர் முடிந்த சில நாளிலேயே, 2009 மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கையைப் பெரும்பாலும் மெச்சி ஒரு தீர்மானம் போட்டது. ஆதரவு 29, எதிர்ப்பு 12. ஆதரித்த 29இல் இந்தியாவும் ஒன்று. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாமை என்ற கொள்கை அந்தத் தீர்மானத்திலும் இருக்கிறது. டர்பனில் கேட்ட அதே குரல்!

அப்படியானால் உலக ஒத்துழைப்பே வேண்டாமா? வேண்டும். ஒத்துழைப்பு இருந்தும் கேட்காமல் விட்டதால் எத்தனை உயிர் போனது என்பதற்கும் இலங்கைதான் உதாரணம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஏப்ரல் 4ஆம் தேதியே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை அனுப்பியிருந்தது. அதற்கும் முன்னால், ஸஹ்ரானின் வெறிப் பேச்சு ஆபத்தானது என்று முஸ்லிம்களே அதிகாரிகளிடம் முறையிட்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கடமை தவறினார் என்று சொல்லிப் பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட உத்தரவிட்டது.

எச்சரித்த சமூகத்துக்குக் கிடைத்தது என்ன? நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் கைது. மன்னார்ப் பக்கத்து இளம் ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்று தமிழில் ஒரு கவிதைத் தொகுப்பு போட்டிருந்தார். அதற்காக 2020 மேயில் அதே 1979 சட்டத்தில் பிடித்தார்கள். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதில் இருந்தன. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைத்துவைத்து, 2021 டிசம்பரில்தான் பிணை கொடுத்தார்கள். பிறகு அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே விடுவித்தது. உளவுத் தகவலைப் படிக்காத அரசு கவிதையைப் படித்துக் குற்றம் கண்டுபிடித்தது.

இங்கே நம் பக்கத்திலும் ஒரு தவறான சுருக்கவழி உண்டு. பயங்கரவாதத்துக்கு வறுமைதான் காரணம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். ஈஸ்டர் தற்கொலைப் படையில் இருவர் கொழும்பின் பெரிய மசாலா வியாபாரியின் பிள்ளைகள். வறுமைதான் குண்டு வைக்கும் என்றால் இந்த மலையடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நாற்று நட்டவர்கள் இதற்குள் எத்தனை குண்டு வைத்திருக்க வேண்டும்? வைக்கவில்லையே. அப்படிச் சொல்வது ஏழைகளைச் சந்தேகத்துக்குக் காட்டிக் கொடுப்பதில்தான் போய் முடியும். முறையிட வழியில்லாமல் அடைப்பதும், ஒரு சமூகம் முழுவதையும் குற்றவாளியாக்குவதும், அந்தக் காயத்தில் வெறியர்கள் வந்து கடை போடுவதும்தான் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இலங்கையில் ஈஸ்டருக்கு முன்னால் 2014 அளுத்கம, 2018 திகன என்று முஸ்லிம்களுக்கு எதிரான கலவரங்கள் நடந்தன.

அண்ணல் அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசியதை எல்லோரும் பாதிதான் எடுத்துச் சொல்வார்கள். வன்முறை வழியை முற்றாகக் கைவிட வேண்டும் என்றார். அதே பேச்சில், சமூகத்தில் சமத்துவமில்லாத முரண்பாட்டைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால், பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றும் எச்சரித்தார். முதல் பாதியை அரசு எடுத்துக்கொண்டது. இரண்டாம் பாதியைச் சொல்கிறவர்களை என்ன செய்தது? அம்பேத்கரின் பேத்தியை மணந்தவர், அறிஞர் ஆனந்த் தெல்தும்டே. அவரை ஊபாவில் உள்ளே தள்ளிய நாள் 2020 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்தநாள்! திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளுக்காக உழைத்த ஸ்டேன் சாமி, நடுக்குவாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாமல் உறிஞ்சுகுழல் கேட்டு நீதிமன்றம் போனார். 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலே செத்தார். வயது 84. 2016 முதல் 2019 வரை ஊபாவில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று உள்துறை அமைச்சகமே நாடாளுமன்றத்தில் சொன்னது.

அந்தச் சட்டத்தின் 15ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பாருங்கள். மக்களிடமோ மக்களில் ஏதாவது ஒரு பிரிவினரிடமோ பீதியை உண்டாக்கும் நோக்கத்தோடு, தீப்பற்றும் பொருளையோ ஆயுதத்தையோ பயன்படுத்தி உயிரைப் பறிப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி. ஒரு குடிசைக்குள் 44 உயிர். 1997 ஜூன் 30, மேலவளவு. ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்த ஐந்து பேரையும் பட்டப்பகலில் வெட்டினார்கள். அந்த வரையறையில் எந்தச் சொல் இவற்றுக்குப் பொருந்தவில்லை? ஆனால் இதற்கெல்லாம் சாதிக் கலவரம், இரு தரப்பு மோதல் என்றுதான் பெயர். சாதி வெறியர்கள் மேல் ஊபாவைப் போடு என்று நான் கேட்கவில்லை. கெட்ட சட்டம் யார் மேல் போட்டாலும் கெட்டதுதான், நமக்கு 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஒழுங்காக நடந்தால் போதும். பயங்கரவாதம் என்ற சொல்லை யார், யாருக்காக வைத்திருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறேன்.

1997இல் நம் மாவட்டத்தில் நடந்ததைப் பெரியவர்களிடம் கேளுங்கள். விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கி அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். அரசு என்ன செய்தது? மாநிலம் முழுக்க எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலும் மாவட்டங்களிலும் இருந்த எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. காரணத்தைத் தொடாமல் அமைதியை வாங்குவது என்றால் இதுதான். இருபத்தாறு வருடம் கழித்து, 2023இல், நாங்குநேரியில் பள்ளி மாணவனை வீடு புகுந்து வெட்டியதும் சக மாணவர்கள். நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மணிக்கட்டுக் கயிறிலிருந்து பள்ளிகளின் சாதிப் பெயர்வரை அதில் பேசியிருக்கிறார்கள். அதை எத்தனை நாளில் நிறைவேற்றினாய் என்று கேட்க 90 நாள் கெடு எதுவும் கிடையாது.

கடைசியாக ஒன்று. மனித உரிமை பேசினால் பயங்கரவாத எதிர்ப்பு பலவீனமாகும் என்பவர்களுக்குப் புருலியாவை நினைவுபடுத்துங்கள். 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் ஒரு விமானம் வானத்திலிருந்து துப்பாக்கிகளைக் கொட்டிவிட்டுப் போனது. முக்கியக் குற்றவாளி என்று இந்தியா தேடும் டென்மார்க்காரரை, கிம் டேவி என்று சொல்வார்களே, அவரை ஒப்படைக்க 2011இல் டென்மார்க் நீதிமன்றம் மறுத்தது. இந்தியச் சிறையில் சித்திரவதை நடக்கும் ஆபத்து இருக்கிறது என்பதுதான் காரணம். 2024இலும் அதே பதில். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போட்டது 1997 அக்டோபரில். இன்றுவரை அதை உறுதிப்படுத்திச் சட்டமாக்கவில்லை. 1373க்கு ஒரு மாதத்துக்குள் அவசரச் சட்டம் போடத் தெரிந்த நாடு இது. உலகத்தோடு ஒத்துழைக்க வேண்டும் என்றால் முதலில் இந்த ஒப்பந்தத்தை உறுதிப்படுத்தச் சொல்லி நம் தொகுதி எம்.பி.யிடம் கேட்கலாம். சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் தந்தையையும் மகனையும் காவல் நிலையத்தில் அடித்துக் கொன்றது இங்கிருந்து வெகுதூரத்தில் நடக்கவில்லை.

மனு ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்திருக்கிறேன். படித்துப் பார்த்து, திருத்த வேண்டியதைச் சொல்லுங்கள். இனி உங்கள் கேள்விகள்.